கிராஷ் சிம்பல்: ஒரே பெயர், வேறு வேறு ஓசை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்நேர் டிரம்மின் ஓசை பிடிக்கவில்லை என்றால் தோலை மாற்றலாம், ட்யூன் செய்யலாம். டிரம் செட்டில் ஓங்கி அடிக்கும் உலோகத் தட்டான கிராஷுக்கு அந்த வசதி கிடையாது. பட்டறையில் என்ன செய்து அனுப்பினார்களோ, அதுதான் ஓசை. அதனால்தான் நாலு டிரம்மர்கள் கூடினால் எந்தக் கம்பெனி கிராஷ் நல்லது, எது தட்டுக்குத் தட்டு மாறாமல் வருகிறது என்ற பேச்சு வந்துவிடுகிறது. சர்ச்சில் வாசிப்பவர்கள், மெல்லிசைக் குழுவில் வாசிப்பவர்கள், ஸ்டுடியோ வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் கட்சி எது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிராஷ் வாங்கும்போது மாடல் பெயரை நம்புவதைவிட, கையில் இருக்கும் அந்த ஒரு தட்டின் எடையையும் ஓசையையும் நம்புங்கள்.

ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே அளவு. இரண்டு கிராஷ் ஏன் இரண்டு விதமாக ஒலிக்கின்றன?

தட்டு எப்படி உருவாகிறது என்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். உயர்ரகக் கிராஷ்களில் பெரும்பாலானவை 80 சதவீதம் செம்பும் 20 சதவீதம் வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலம். பி20 என்று நாம் சொல்வது இதைத்தான். உருக்கிய உலோகத்தைச் சின்ன வட்டாக வார்த்து, உலையில் சூடேற்றி, உருளைகளுக்கு நடுவே விட்டுத் தகடாக்குகிறார்கள். இது ஒரே மூச்சில் முடிகிற வேலை இல்லை. ஒவ்வொரு தடவையும் சூடேற்றி, தகட்டைத் திருப்பி, மறுபடி உருட்ட வேண்டும். பிறகு நடுவில் பெல் என்ற குமிழை அழுத்தி எடுத்து, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்துவார்கள். மெதுவாக ஆறவிட்டால் இந்தக் கலவை எளிதில் நொறுங்கிவிடும்; சட்டென்று குளிர வைத்தால்தான் சுத்தியல் அடியைத் தாங்கும். அதன் பிறகு சுத்தியலால் வளைவு கொடுப்பது, கடைசல் பிடிப்பது என்று வேலை நீள்கிறது.

இந்த ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபாடு சேர்ந்துகொண்டே போகிறது. கடைசல் உளியைப் பிடித்தவர் ஒரு இழை அதிகம் அழுத்தினால் சில கிராம் உலோகம் சுருள் சுருளாக உதிர்ந்துவிடும். சுத்தியல் அடி வெறும் அலங்காரம் அல்ல. விழுந்த இடத்தில் உலோகத்துக்குள் ஓர் இறுக்கத்தை அது நிரந்தரமாக வைத்துவிடுகிறது. அந்த இறுக்கம் தட்டு முழுக்க எப்படிப் பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்து அதிர்வும் மாறும். கிராஷுக்கு ஒற்றைச் சுருதி கிடையாது. நூற்றுக்கணக்கான அதிர்வுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டுதான் அந்த ஓசை வருகிறது. அவற்றில் சில கொஞ்சம் இடம் மாறினாலும் காது கண்டுபிடித்துவிடும்.

எடை எவ்வளவு வித்தியாசப்பட்டால் காதுக்குத் தெரியும்?

18 இன்ச் கிராஷில் இருபது முப்பது கிராம் வித்தியாசம் பெரும்பாலும் தெரியாது. நூறு கிராம் வித்தியாசம் நிச்சயம் தெரியும். இருநூறு என்றால் லோகோ ஒன்றாக இருந்தாலும் அவை வேறு வேறு கருவிகள் என்றே வைத்துக்கொள்ளலாம். தோராயக் கணக்குக்கு இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 16 இன்ச் தின் (மெல்லிய) கிராஷ் 900 முதல் 1,000 கிராம் வரை, 18 இன்ச் தின் 1,250 முதல் 1,400 வரை, மீடியம் தின் அதற்கு மேல் 1,550 வரை. கம்பெனிக்குக் கம்பெனி, வரிசைக்கு வரிசை இது நகரும்.

பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கும் விஷயம் ஒன்று உண்டு. கனமான கிராஷ் அடித்தொண்டையில் ஒலிக்கும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரே விட்டத்தில் தடிமன் கூடினால் எடை கூடுவதைவிட வேகமாக விறைப்பு கூடுகிறது. அதனால் சுருதி ஏறும். கனமான கிராஷ் உச்சத்தில் ஒலிக்கும், சத்தம் அதிகம், கார்வை நீளம், ஆனால் திறக்க ஓங்கி அடிக்க வேண்டும். மெல்லியது சுருதியில் கீழே இருக்கும், தொட்டவுடன் திறக்கும், சீக்கிரம் அடங்கும்.

எடை மட்டும் போதாது. அந்த எடை எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஆப்பம் நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்திருப்பதைப் போல நல்ல கிராஷும் பெல்லிலிருந்து ஓரத்துக்கு மெலிந்துகொண்டே போகும். ஒரே எடையில் இரண்டு தட்டு இருந்தால் ஓரத்தை இரு கைகளாலும் பிடித்து மெதுவாக வளைத்துப் பாருங்கள். எளிதாக நெளிவது முதலில் திறக்கும்.

எந்தக் கம்பெனியின் கிராஷ் தட்டுக்குத் தட்டு மாறாமல் வருகிறது?

நேரடியாகச் சொன்னால் பைஸ்டே. சுவிட்சர்லாந்தின் நோட்வில் என்ற ஊரில் இயங்கும் இந்தக் கம்பெனி, ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு மூலத் தட்டை வைத்திருக்கிறது. முடிந்த தட்டை ஒருவர் அடித்து, மூலத் தட்டோடு காதால் ஒப்பிட்டு, ஒத்துப்போனால்தான் வெளியே விடுகிறார். இவர்களுடைய 2002 வரிசை 1971-இல் வந்தது. அது இன்றும் விற்பனையில் இருக்கிறது. 2002-க்குப் பயன்படுவது பி8, அதாவது 92 சதவீதம் செம்பும் 8 சதவீதம் வெள்ளீயமும் சேர்ந்த தகடு. ஆலையிலிருந்து சீரான தடிமனில் உருண்டு வரும் தகட்டிலிருந்து வட்டமாக வெட்டுவதால், தொடக்கத்திலேயே பாதி வேறுபாடு கழிந்துவிடுகிறது. உங்கள் 18 இன்ச் 2002 உடைந்துவிட்டால், கேட்காமலேயே இன்னொன்று வாங்கி மாட்டலாம். கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு மாற்றம் தெரியாது.

அடுத்த வட்டத்தில் ஜில்ஜியனின் ஏ, ஏ கஸ்டம், சேபியனின் ஏஏ, ஏஏஎக்ஸ் ஆகியவற்றை வைப்பேன். வார்ப்பு வெண்கலம்தான், ஆனால் சுத்தியல் வேலையை எந்திரம் செய்கிறது. எடை நெருங்கி வந்தால் ஓசையும் நெருங்கி வரும். ஜில்ஜியன் கே, சேபியன் ஹெச்ஹெச் வரிசைகளில் சுத்தியல் அடிகள் அடர்ந்தும் ஒழுங்கில்லாமலும் விழுவதால் இடைவெளி கொஞ்சம் அகலும். இஸ்தான்புல் அகோப், இஸ்தான்புல் மெஹ்மத், பாஸ்பரஸ் போன்ற துருக்கிப் பட்டறைகளின் கையடித் தட்டுகளில் ஒவ்வொன்றும் தனிப்பிறவி. மைனல் ஜெர்மன் கம்பெனி என்றாலும் அதன் பைஸன்ஸ் வரிசையின் தட்டுகள் துருக்கியில் கையால் அடிக்கப்படுபவை. அவற்றையும் இந்தக் கடைசி வட்டத்தில்தான் சேர்க்க வேண்டும்.

விலை குறைந்த பித்தளைத் தட்டுகளும் அழுத்தி எடுத்த பி8 தட்டுகளும் மிக ஒரே மாதிரி வரும். பத்து வாங்கினால் பத்தும் ஒன்றுபோல இருக்கும். மாறாமல் வருவதை வைத்துத் தரத்தை அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

அப்படியானால் பழைய இஸ்தான்புல் ‘கே’ தட்டுகளை ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்? அவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்குமாமே?

கேள்விப்பட்டது சரிதான். 1623 முதல் கான்ஸ்டாண்டிநோபிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில், சிம்பல் செய்துவந்த ஆர்மீனியக் குடும்பம் ஜில்ஜியன். அந்தக் குடும்பத்தின் ஒரு கிளை 1929-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பட்டறை திறந்தது. இன்றைய ஜில்ஜியன் கம்பெனி அதுதான். ‘கே’ முத்திரையோடு தட்டு செய்த கிளை இஸ்தான்புல்லிலேயே பழைய முறையில் தொடர்ந்தது. அந்தத் தட்டுகளை அமெரிக்காவில் இறக்கி விற்றது கிரெட்ச் டிரம் கம்பெனி. 1950களிலும் 60களிலும் நியூயார்க்கின் ஜாஸ் டிரம்மர்கள் புரூக்ளினில் இருந்த கிரெட்ச் கட்டடத்துக்கே போய், வந்து இறங்கிய தட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத் தங்களுக்கானதைப் பொறுக்கி எடுத்தார்கள். எல்வின் ஜோன்ஸ், டோனி வில்லியம்ஸ், மெல் லூயிஸ் ஆகியோர் வாசித்த கே தட்டுகளை மனத்தில் வைத்துத்தான் இன்றும் பலர் டார்க் சவுண்ட் (பளிச்சென்று குத்தாத, அடர்ந்த ஓசை) என்று பேசுகிறார்கள். குவியலில் பல தட்டுகள் ஒன்றுக்கும் உதவாதவையாக இருந்தன. நாம் இன்று கேட்பது அவர்கள் பொறுக்கி எடுத்தவற்றை மட்டும்தான். பழைய கே எல்லாமே அருமை என்ற பேச்சின் பின்னால் அந்தப் பெரிய வடிகட்டல் இருக்கிறது. அதை மறந்துவிட்டு கண்ணை மூடிக்கொண்டு பழைய தட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

அந்த இஸ்தான்புல் பட்டறை 1970களின் கடைசியில் மூடப்பட்டது. அங்கே தொழில் கற்ற மெஹ்மத், அகோப் இருவரும் 80களில் இஸ்தான்புல் என்ற பெயரிலேயே தட்டு செய்யத் தொடங்கினார்கள். அகோப் 1996-இல் இறந்த பிறகு அது இரண்டு கம்பெனிகளானது. மேலே சொன்ன அகோப், மெஹ்மத் முத்திரைகள் இரண்டும் அந்த வழியில் வந்தவை.

ராக் இசை பெரிதாக வளர்ந்தபோது தேவை மாறிவிட்டது. இரவுக்கிரவு பெரிய அரங்கம், ஓங்கிய அடி, உடைந்தால் மறுநாளே அதே ஓசையில் இன்னொன்று வேண்டும். பைஸ்டேயின் ஜெயன்ட் பீட், 2002 வரிசைகள் அந்தக் காலத்தவை. லெட் ஜெப்லின் ராக் குழுவில் டிரம்மர் ஜான் பானம் வாசித்தது இவற்றைத்தான். ஒருபுறம் பொறுக்கி எடுக்கும் ஜாஸ் வழி, மறுபுறம் கண்ணை மூடி வாங்கும் ராக் வழி. இன்றைய டிரம்மர்களின் வாக்குவாதமும் பெரும்பாலும் இந்த இரண்டு தேவைகளுக்கு இடையில்தான் நடக்கிறது.

எனக்கு எது தேவை? மாறாத கிராஷா, தனித்தன்மையுள்ள கிராஷா?

மாதம் முழுக்க ஊர் ஊராகப் போய் வாசிக்கிறீர்கள், அல்லது பாதி ஆல்பம் ரெக்கார்டிங் முடிந்த நிலையில் தட்டு உடைந்தால் மீதிப் பாதியும் பொருந்த வேண்டும் என்றால், மாறாத வரிசைக்குப் போங்கள். மற்ற எல்லோருக்கும் அது கட்டாயம் இல்லை. நீங்கள் வாங்கப்போவது ஒரே ஒரு தட்டு. அதன் சகோதரத் தட்டுகள் எப்படி ஒலிக்கும் என்பது உங்களுக்கு எதற்கு? கடையில் கேட்டுப் பார்த்து வாங்க முடிந்தால் கையடித் தட்டு நல்ல தேர்வு. கேட்க முடியாமல் வாங்குவதென்றால் எந்திர அடி பாதுகாப்பு.

பி20தான் உயர்ந்தது, பி8 மட்டம் என்று சொல்கிறார்களே?

பைஸ்டேயின் 2002 வரிசை பி8தான். உலகத்தின் பெரிய மேடைகளில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒலித்துக்கொண்டிருக்கிறது. மலிவான தட்டுகளில் பலவும் பி8 என்பதால் அந்தக் கலவைக்கே கெட்ட பெயர் வந்துவிட்டது. கலவையைவிட அதன்மேல் செய்த வேலை முக்கியம். பொதுவாக பி8 பளிச்சென்று, நேராக, உச்சத்தில் குவிந்து ஒலிக்கும். பி20-இல் கீழும் மேலும் விரிந்த கலவையான ஓசை கிடைக்கும், மெதுவாக வாசிக்கும்போது அதன் அழகு கூடுதலாகத் தெரியும். இடையில் பி10, பி12, பி15 எல்லாம் உண்டு. பித்தளை கற்றுக்கொள்ளும் காலத்துக்கு மட்டும் போதும்.

உயர்வெள்ளீய வெண்கலத்தைக் காய்ச்சி அடித்துத் தண்ணீரில் தோய்க்கும் நுட்பம் நம் மண்ணுக்குப் புதிதல்ல என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியிலும் கிடைத்த தொல்பொருள்களில் இந்த முறையில் செய்த மெல்லிய கிண்ணங்கள் இருக்கின்றன. அவற்றின் வெள்ளீய அளவு பி20-ஐ ஒட்டியும் அதற்கு மேலும் போகிறது.

கடையில் இரண்டு கிராஷை எப்படி ஒப்பிடுவது?

அவசரப்படாமல். பெரும்பாலானோர் செய்வது, ஸ்டாண்டில் மாட்டியிருப்பதை ஓங்கி ஓர் அடி, பக்கத்தில் இருப்பதை ஓங்கி ஓர் அடி, “இதுதான் சூப்பர்” என்று ஒரு முடிவு. அந்த முறையில் சத்தமும் சுருதியும் கூடுதலாக இருக்கும் தட்டுதான் எப்போதும் ஜெயிக்கும். வீட்டுக்கு வந்து பாட்டோடு வாசிக்கும்போது அதுவே காதைக் குத்தும்.

உங்கள் ஸ்டிக்கை எடுத்துப் போங்கள். முடிந்தால் உங்கள் ரைடையும் (தாளத்தைத் தொடர்ந்து வாசிக்கும் பெரிய தட்டு) ஏற்கெனவே இருக்கும் கிராஷையும் எடுத்துப் போங்கள். புதுத் தட்டு தனியாக நன்றாக ஒலிப்பது பெரிதல்ல, அவற்றோடு சேர வேண்டும். இரண்டு தட்டையும் ஒரே ஸ்டாண்டில், ஒரே ஃபெல்ட்டில் (தட்டுக்கு அடியில் வைக்கும் மெத்தை வளையம்), ஒரே சாய்வில் மாற்றி மாற்றி மாட்டுங்கள். முதலில் விரல் நுனியால் பாதிவழியில் தட்டி, அடியில் ஓடும் சுருதியைக் கேளுங்கள். பிறகு மேலட் (மெத்தைத் தலைக் குச்சி) இருந்தால் மெதுவாகத் தொடங்கி எழுப்புங்கள். எந்த இடத்தில் தட்டு ‘விழித்துக்கொள்கிறது’ என்பது அதில் தெளிவாகத் தெரியும். அதன் பிறகுதான் ஸ்டிக். மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி என்று மூன்று நிலையிலும் அடியுங்கள். சரணம் முடிந்து பல்லவிக்கு வரும்போது கிராஷிலேயே ரைடு வாசிப்பீர்கள் என்றால் அதையும் வாசித்துப் பாருங்கள். சில தட்டுகள் ஒற்றை அடியில் அழகாகவும் தொடர் அடியில் வெறும் இரைச்சலாகவும் இருக்கும். கையால் பிடித்து நிறுத்தியும் பாருங்கள்.

இனி முக்கியமான வேலை. நண்பர் ஒருவரை அடிக்கச் சொல்லிவிட்டு, பதினைந்து அடி தள்ளி, முதுகைக் காட்டி நில்லுங்கள். லோகோ கண்ணில் படக் கூடாது. மக்கள் கேட்பது அந்தத் தூரத்திலிருந்துதான். டிரம் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்கும்போது முரட்டுத்தனமாகத் தெரியும் மெல்லிய தட்டு, தூரத்தில் பட்டுப்போல விரியும். ஒரே மூச்சில் நாலைந்து தட்டுக்கு மேல் ஒப்பிடாதீர்கள். உச்ச ஒலிகளுக்குக் காது சீக்கிரம் களைத்துவிடும். வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி கேளுங்கள்.

யூட்யூபில் கேட்டு முடிவு செய்யலாமா?

ஒரே வீடியோவுக்குள், ஒரே மைக்கில், ஒரே ஆள் அடித்த இரண்டு தட்டுகளை ஒப்பிடலாம். ஒரு வீடியோவில் கேட்டதை இன்னொரு வீடியோவோடு ஒப்பிடுவதில் பயனில்லை. போனில் எடுத்தது என்றால் இன்னும் மோசம். சத்தம் ஏறியவுடன் போன் தானாகவே அழுத்திவிடும். கிராஷின் முதல் வெடிப்பு அப்படியே தட்டையாகிவிடும்; மெல்லிய தட்டும் கனமான தட்டும் ஒன்றுபோலத் தோன்றும். நீங்களே கடையில் போனில் எடுத்து வீட்டில் கேட்டுத் தேர்வு செய்வதும் இதே காரணத்தால் ஏமாற்றும்.

ஆன்லைனில் வாங்கியே ஆக வேண்டும். என்ன கேட்க வேண்டும்?

எடை. கிராமில். “தின் கிராஷ்தான் சார்” என்ற பதில் போதாது, தராசில் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். சமையலறைத் தராசே போதும். சில வெளிநாட்டுக் கடைகள் ஒவ்வொரு தட்டையும் தனித்தனியாக எடை போட்டு, தனி ஒலிப்பதிவோடு விற்கின்றன. வீடியோவில் ஒலிக்கும் அதே தட்டுதான் பெட்டியில் வரும். துருக்கித் தட்டுகள் பலவற்றில் பெல்லின் உள்பக்கம் மையால் எடை எழுதியிருப்பார்கள். பிடித்த தட்டு எங்கே கேட்டாலும் அதன் எடையைக் குறித்து வையுங்கள். கொஞ்ச நாளில் உங்கள் காதுக்குப் பிடித்த எடை வரம்பு எது என்று தெரிந்துவிடும். ஆன்லைனில் வாங்குவதற்கு அதைவிட நல்ல துணை கிடையாது.

16-ஆ, 18-ஆ? இரண்டு வாங்கினால் எந்த ஜோடி?

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மெல்லிய 18. ரைடாகவும் ஓரளவு வாசிக்கலாம், மெதுவாகத் தொட்டாலும் திறக்கும். ஜோடி என்றால் இரண்டு இன்ச் இடைவெளி: 16–18 அல்லது 17–19. ஆனால் இன்ச்சை மட்டும் பார்த்து வாங்கினால் தவறு நேரும். 16 மிக மெல்லியதாகவும் 18 கனமாகவும் அமைந்துவிட்டால் இரண்டின் சுருதியும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். இரண்டு கிராஷ் வைத்தும் ஒன்று வைத்த மாதிரிதான் கேட்கும்.

எங்கள் சர்ச்சில் கிராஷ் அடித்தால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். மெதுவாக அடித்தால் ஓசையே வரவில்லை.

டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர், பத்தடி தூரத்தில் பாடகர்களின் மைக். இந்த இடத்தில் மீடியம் எடைக் கிராஷ் வைத்திருந்தால் நீங்கள் சொல்வது நடக்கத்தான் செய்யும். அது ஓங்கி அடித்தால் மட்டும் திறக்கிற தட்டு. உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள், தட்டை மாற்றுங்கள். தின் அல்லது எக்ஸ்ட்ரா தின் கிராஷ், டார்க் சவுண்ட் உள்ளது. மெல்லிய தட்டுக்கு ஒரு மேல்வரம்பு உண்டு. அதைத் தாண்டி எவ்வளவு ஓங்கினாலும் சத்தம் கூடாது. சின்ன ஹாலில் அந்தக் குணம்தான் உங்களைக் காப்பாற்றும். புதுத் தட்டு வாங்கும்வரை, அடிப்பக்கத்தில் துணி டேப் ஒரு துண்டு ஒட்டினால் கார்வை குறையும்.

சின்னச் சின்னத் துளைகள் போட்ட ஜில்ஜியன் எல்80 போன்றவை வீட்டில் பயிற்சிக்கு அருமை. 80 சதவீதம் வரை சத்தம் குறையும் என்று கம்பெனி சொல்கிறது. ஆராதனையில் பாட்டுக்கு வாசிக்க அவற்றின் ஓசையில் கனம் போதாது.

அதே கிராஷ் ஒரு மேடையில் அருமை, அடுத்த மேடையில் தகரம். தட்டு கெட்டுவிட்டதா?

இல்லை. கோயில் திருவிழா மேடை திறந்தவெளி. ஒலியைத் திருப்பியனுப்பச் சுவர் கிடையாது, அதனால் கிராஷ் சட்டென்று அடங்கியது போலத் தெரியும். கல்யாண மண்டபத்தில் அதே தட்டு ஓயவே ஓயாது. அடுத்து, தட்டை ஸ்டாண்டில் பிடித்து வைக்கும் விங் நட்டைப் பாருங்கள். வாடகைக் கிட்டில் யாரோ இறுக முறுக்கி வைத்திருப்பார்கள். தட்டு தாராளமாக ஆட வேண்டும். கீழே ஃபெல்ட் தேய்ந்து போயிருந்தாலோ ஸ்லீவ் (நடுத்துளைக்குள் போகும் பிளாஸ்டிக் குழாய்) இல்லாமல் உலோகத்தில் உலோகம் உரசினாலோ ஓசையும் கெடும், தட்டும் கெடும். மேலிருந்து கேட்கும் ஓவர்ஹெட் மைக் தட்டின் ஓரத்துக்கு நேராக மிக அருகில் இருந்தால், தட்டு ஆடும்போது ஓசை போய் வரும். சவுண்ட் இன்ஜினியரிடம் கொஞ்சம் உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள்.

ஒரே தட்டில் என் அடிகளே ஒன்றுபோல வருவதில்லை. இது என் குறையா?

பாதி உங்கள் கை, பாதி சிம்பலின் இயல்பு. அடி விழுந்த கணத்தில் முதலில் எழுவது கீழ் அதிர்வுகள். அடுத்த பத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் அந்தச் சக்தி மேல் அதிர்வுகளுக்குப் பரவி, ‘ப்ஷ்ஷ்ஷ்’ என்ற விரிவு வருகிறது. எவ்வளவு ஓங்கி அடிக்கிறீர்களோ அவ்வளவு அதிகமாக அந்தப் பரவல் நடக்கும். அதாவது இருமடங்கு ஓங்கினால் அதே ஓசை பெரிதாவதில்லை, ஓசையின் நிறமே மாறுகிறது. தபேலாவிலோ மிருதங்கத்திலோ பழகிய கைக்கு இது முதலில் விசித்திரமாக இருக்கும். இன்னொன்று, முந்தைய அடியின் அதிர்வு அடங்குவதற்குள் அடித்தால் ஸ்டிக் படும்போது தட்டு மேலே வருகிறதா கீழே போகிறதா என்பதும் ஓசையை மாற்றும்.

கை சீராக வர, ஸ்டிக்கின் தோள்பகுதி (நுனிக்கு அடுத்த சரிவு) எப்போதும் ஓரத்தில் ஒரே இடத்தில் படட்டும். நேராக வெட்டாமல், பக்கவாட்டில் வழுக்கிப் போகிற மாதிரி அடியுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கும் வேளையில் இது மிக அவசியம். உங்கள் அடி மாறினால் தட்டு மாறியதாக நினைத்துவிடுவீர்கள்.

மின் டிரம்மில் கிராஷ் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வருகிறதே, அதுதானே நல்லது?

அதுதான் அதன் குறை. ஒரே பதிவை அடுத்தடுத்து ஒலித்தால் காது உடனே செயற்கை என்று கண்டுகொள்ளும். அதனால்தான் நல்ல சாம்பிள் தொகுப்புகளில் ஒரே கிராஷை வேறு வேறு வலுவில், ஒவ்வொரு வலுவிலும் பல தடவை அடித்துப் பதிந்து, மாற்றி மாற்றி ஒலிக்கவிடுகிறார்கள்.

நாளாக ஆக ஓசை மாறுமா? புளி போட்டுத் தேய்க்கலாமா?

மாறும், ஆனால் மெதுவாக. அழுக்கும் களிம்பும் ஏறினால் உச்ச ஒலி கொஞ்சம் மங்கும். சிலருக்கு அதுதான் பிடிக்கும், வேண்டுமென்றே துடைக்காமல் விடுவார்கள். சுத்தியல் வேலை முடிந்த தட்டுகளைச் சில பட்டறைகள் விற்பதற்கு முன் சில வாரம் ஆறப்போடுவதும் உண்டு.

புளியும் பித்தளை துலக்கும் பொடியும் வெண்கலப் பாத்திரத்துக்குச் சரி, கிராஷுக்கு வேண்டாம். களிம்போடு லோகோவும் மேல்பூச்சும் போய்விடும், கடைசல் வரிகளுக்குள் பொடி தங்கிவிடும். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில துளி, வெதுவெதுப்பான தண்ணீர், மெல்லிய துணி. வரிகள் போகும் திசையிலேயே வட்டமாகத் துடைத்து, உடனே ஈரம் போக உலர்த்துங்கள். வாசித்து முடித்ததும் வியர்வைக் கைரேகையைத் துடைத்தாலே பாதி வேலை முடிந்தது. கடலோர ஊர்க்காரர்கள் இதை விடவே கூடாது.

கிராக் விழுந்துவிட்டது. சரிசெய்ய முடியுமா?

வெல்டிங் வேண்டாம். அந்தச் சூடு சுற்றியுள்ள உலோகத்தின் பதத்தையே மாற்றிவிடும். ஓரத்தில் சின்னக் கிராக் என்றால் அந்தப் பகுதியை வளைவாக வெட்டி எடுத்து ஓரத்தை மழுக்கலாம். கடைசல் வரியோடு ஓடும் கிராக் என்றால் இரண்டு முனையிலும் சின்னத் துளை போட்டு ஓட்டத்தைத் தடுக்கலாம். இரண்டும் கொஞ்ச காலத்துக்குத்தான், ஓசையும் பழையபடி இருக்காது. மெல்லியது என்பதால் உடைந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள். இறுகிய விங் நட்டும் நேராக வெட்டும் அடியும் கனமான கிராஷையும் உடைக்கும்.

செகண்ட் ஹேண்ட் கிராஷ் வாங்கலாமா?

தாராளமாக. நல்ல பி20 தட்டு பல பத்தாண்டு வாழும், புதியதன் விலையில் பாதிக்குக்கூடக் கிடைப்பதுண்டு. ஓரம் முழுக்க நகத்தால் வருடிப் பாருங்கள், மேலும் கீழும். நகம் சிக்கும் இடத்தில் கிராக் தொடங்கியிருக்கலாம். நடுத்துளை வட்டமாக இல்லாமல் சாவித்துளை போல ஒரு பக்கம் தேய்ந்திருந்தால், ஸ்லீவ் இல்லாமல் வாசித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்; அங்கிருந்து பெல்லை நோக்கிக் கிராக் ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஓரத்தைச் சுற்றி மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள், எங்காவது ‘ஜ்ர்ர்’ என்று இழுத்தால் விட்டுவிடுங்கள். தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். லோகோ அழிந்திருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். விலையைக் குறைத்துக் கேட்க அது ஒரு காரணம், அவ்வளவே.